முகம் போடாத பக்கம்

ஆகஸ்ட் 2, சனி

விடிந்ததிலிருந்து ஆடிக்காற்று. கொடியில் போட்ட துணி எல்லாம் புழுதி. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மிக்ஸியைச் சரிசெய்யக் கொடுத்து ஒரு வாரம், கடைக்காரர் போனையே எடுப்பதில்லை.

நாளைக்குள்: மாவு ஆட்ட. அத்தைக்குத் தைலம். மாடி அறை ஒட்டடை. உமாவுக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாடு (எனக்கும் பிடிக்கும், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை).

உமா நாளைக் காலையில் வருகிறாள். என் தங்கை. சென்னையில் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். எங்கள் அத்தை யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து அசாம் வரை நடந்து வந்த கதையை இங்கிலீஷில் படக்கதைப் புத்தகமாகப் போட்டிருக்கிறாள். டெல்லிக்காரர்கள் வெளியிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் அத்தையிடம் கடைசியாகச் சில சந்தேகங்கள் கேட்க வேண்டுமாம்.

போன வாரம் பேப்பரில் அவள் போட்டோ வந்தது. இவர் அதை மில்லுக்கு எடுத்துப்போய் ஷிப்டில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டியிருக்கிறார். "என் கொழுந்தியா, என் கொழுந்தியா" என்று. வீட்டுக்காரியும் படம் போடுகிறவள்தான் என்று ஒருவரிடமாவது சொன்னாரா? கேட்டேன். "ஒன்னையத்தான் எல்லாத்துக்கும் தெரியுமே" என்றார். திருச்சுழி பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சரை யாருக்குத் தெரியும்? பிள்ளைகளின் பென்சில் சீவிக் கொடுக்கிறவள்.

அத்தையைக் குளிப்பாட்டுவது நான், கால் பிடித்துவிடுவது நான், பர்மா கதையை நூறு தடவை கேட்டதும் நான். புத்தகம் மட்டும் அவளுக்கு. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்கள். கூடப் பிறந்தவளைக் கருநாகம் என்று எழுதிவிட்டேன். எழுதினது எழுதினதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்துவிட்டாள். தலைமுடியை ஆம்பிளைப் பிள்ளை மாதிரி வெட்டியிருக்கிறாள். அத்தை பார்த்துவிட்டு, "ஏத்தா, திருப்பதிக்குப் போயிட்டு வந்தியாக்கும்?" என்றார். இன்று எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம். ஆனாலும் அந்த முடி அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆடிப் பதினெட்டு. ஓடுகிற ஆறு இல்லாத ஊரில் ஆடிப்பெருக்கு. குடத்துத் தண்ணீருக்குப் பூப் போட்டுக் கும்பிட்டேன். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், கருவாடு இல்லை (விசேஷ நாள் என்பதை மறந்து வாங்கிவிட்டேன்).

அத்தைக்குத் தொண்ணூற்றேழு. அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. காது கேட்கும், கண் தெரியும், கால் மட்டும் மக்கர். உமா வந்ததும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் வந்தால் "தண்ணி குடு" என்பார். அவள் வந்தால் "பக்கத்துல வந்து உக்காரு".

உ. ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறாள். எல்லாம் படக்கதை. ஹிட்லர் காலத்து வதை முகாம்களிலிருந்து பிழைத்து வந்த யூதர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் வீட்டுக் கதையைத் தாங்களே போட்டது. இதைப் பார்த்துத்தான் அவளுக்கு அத்தையைப் போட வேண்டும் என்று தோன்றியதாம்.

"சிவகாசி காமிக்ஸைப் பாத்து சிலேட்டுல குதிரை போடுவோம்ல, அதே வித்தைதான்க்கா. அவங்க அதுல தாத்தா செத்ததைச் சொல்றாங்க."

அவங்களாம். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் வாயில் ஒரு 'அவுக' வருகிறதா பார்.

பிறகு சொன்னாள்: "எழுதினா எல்லாத்தையும் சொல்லியாகணும். சினிமான்னா எல்லாத்தையும் காட்டியாகணும். இதுல ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல கொஞ்சம் வெள்ளை விடலாம். சொல்ல முடியாததெல்லாம் அங்க போயி உக்காந்துக்கிரும்."

நன்றாகச் சொன்னாள். அதுதான் எரிச்சல். சிலேட்டில் குதிரைக்கு நாலு காலும் ஒழுங்காக வந்தது எனக்கு. அவளுடைய குதிரைக்கு எப்போதும் மூன்று கால், நாலாவதை அழித்துவிட்டுப் புல் போட்டு மறைத்துவிடுவாள். அப்பா அவள் சிலேட்டைத்தான் தூக்கிக் காட்டுவார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளியில் சுதந்திர தினப் படப்போட்டி. எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் கொடி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் மலை எங்கே இருக்கிறது? "டீச்சர், மலை இல்லாம சூரியன் எங்கிட்டு இருந்து வரும்?" என்றான் ஒருவன். நரிக்குடிக்காரன். கண்மாய்க் கரையிலிருந்து வரட்டும்டா என்றேன்.

ஆயிஷா டீச்சர் தன் ஊர் வீரசோழனிலிருந்து வட்டலப்பம் கொண்டுவந்திருந்தார், முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்டது. நல்ல ருசி. "ஒங்க தங்கச்சி வந்திருக்காகளாமே, ஒரு நாளு பள்ளிக்கொடத்துக்குக் கூட்டிட்டு வாங்களேன், பிள்ளைக பாக்கட்டும்." நானும் பிள்ளைகள் பார்க்கத்தானே தினமும் வருகிறேன்.

சாயங்காலம் உ. அத்தையிடம் கேள்வி கேட்டாள். போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்தேன்.

"மலையில யாரையெல்லாம் விட்டுட்டு வந்தீங்க அத்தை?"

"அவுகளுக்குக் காய்ச்ச. எந்திரிக்க முடியல. மரத்தடியில விட்டுட்டு வந்தோம்."

"அவுகன்னா எத்தனை பேரு?"

அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒரு பேராச்சும் ஞாபகம் இருக்கா அத்தை?"

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உ. போனை அணைத்துவிட்டு அத்தை கையைத் தடவிக் கொடுத்தாள். அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: "டிராமாக்கா."

"அத்தை ஒண்ணும் நடிக்கலையே."

"ஐயோ, நாடகம் இல்ல. மனசுல விழுந்த அடி. ரொம்பப் பலமா விழுந்தா மனசு பேரை எல்லாம் அழிச்சிரும். அந்தப் புத்தகங்கள்ல எல்லாம் இதேதான். கேட்டா பேச மாட்டாங்க, வேற எங்கயாச்சும் பாப்பாங்க."

இருக்கும். ஆனால் எதிர்வீட்டுக்காரி எந்தப் பொங்கலுக்கு எந்த உருளியை வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்பது வரை அத்தைக்கு ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவள் அவள், நான் எதற்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவள் கொண்டுவந்ததில் ஒன்றைப் புரட்டினேன். குறை கண்டுபிடிக்கத்தான். என் இங்கிலீஷுக்கு எட்டியவரை: ஒரு பேத்தி, முகாமில் என்ன நடந்தது என்று தாத்தாவைக் கேட்கிறாள். தாத்தா உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறார். ஆறு கட்டம், ஆறிலும் கையும் கத்தியும் தோலும்தான். தோல் அறுபடாமல் நீண்டுகொண்டே போகிறது. கடைசிக் கட்டத்தில் அந்தத் தோலை வாயில் போட்டுக்கொள்கிறார். ஒரு எழுத்து இல்லை.

கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து முதல் கட்டத்திலிருந்து பார்த்தேன். அப்புறம் அதைப் போட்ட முகம் தெரியாத அந்தப் பெண் மேலும் பொறாமை வந்தது. எனக்கு இது ஒரு வியாதி.

பிறகு உ. தன் பக்கங்களைக் காட்டினாள். சில சுமார். ரங்கூன் தெருவைச் சினிமா செட் மாதிரி போட்டிருக்கிறாள். ஆனால் ஒரு பக்கம். எதிரும் புதிருமாக இரண்டு தாளையும் அடைத்து ஒரே படம். மலைச்சரிவு, மழை, மரங்கள். மரத்தடியில் நாற்பது பேர் இருப்பார்கள். நடக்க முடியாமல் விடப்பட்டவர்கள். யாருக்கும் முகம் இல்லை. மூக்கு முழி வைக்காமல் வெள்ளையாக விட்டிருக்கிறாள். கீழே ஒரு வரி: அவர்களுடைய பெயர்களை அவள் மறந்துவிட்டாள்.

"டெல்லியில எடிட்டர் இதைப் பாத்து அழுதுட்டாங்கக்கா."

நானும் அழுதிருப்பேன், அவள் பக்கத்தில் இல்லாவிட்டால். "மழைக்கோடு ரொம்பச் சாஞ்சிருக்கு" என்றேன். அவள் நிஜமாகவே குனிந்து பார்த்து, "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்று திருத்திக்கொண்டாள். சண்டைக்காவது வந்திருக்கலாம்.

நான் போட்டிருந்தால் நாற்பது பேருக்கும் மூக்கு முழி, காதுக்குக் கடுக்கன் எல்லாம் வைத்திருப்பேன். கெட்டிருக்கும்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். "அதுக்குள்ள ஏதாச்சும் தப்பு தெரிஞ்சா சொல்லுக்கா."

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் உ. மதுரை பஸ்ஸில் போய்விட்டாள். மாடி அறையில் அவள் சென்ட் வாசனை இன்னும் இருக்கிறது. கருவாட்டை இன்றுதான் வறுத்தேன். நானும் இவரும்.

அரை நாள் லீவு. அத்தையை மூட்டு வலிக்குக் காட்டப் போனோம். கூட்டம். எங்களுக்கு முன்னால் நரிக்குடிப் பக்கத்து வயசாளி ஒருத்தி. நர்ஸ் சின்னப் பெண், சீட்டு எழுதிக்கொண்டே கேட்டது: "வீட்டுக்காரர் பேரு என்ன பாட்டி?"

"அதை எப்பிடித்தா நான் சொல்ல."

"பேரு பாட்டி, பேரு. மறந்துருச்சா?"

"மறக்குறதாவது! மயிலு மேல உக்காந்திருக்காகல்ல, அவுக."

"முருகனா?"

"ஆறு தலை இருக்குல்ல."

"ஆறுமுகம்!" என்று நாற்காலியில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். நர்ஸும் சிரித்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தார். திங்கட்கிழமை உமா கேட்டபோது எப்படித் திரும்பினாரோ அதே மாதிரி.

நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

அவுக. நானும்தான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். "அவுக மில்லுக்குப் போயிட்டாக. அவுக சாப்பிட்டாக." அது நாற்பது பேர் இல்லை. ஒரே ஒரு ஆள்.

மத்தியானம் வீட்டில், சோறு ஊட்டிவிட்டு, தைலம் தேய்க்கிற சாக்கில் கேட்டேன். நேராகக் கேட்டால் வராது. "அத்தை, அவுக பேரு சாமி பேரா?"

முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே, "ம்."

"எந்தச் சாமி?"

"நீ தெனமும் பஸ் ஏறிப் போறியே. அந்த ஊருச் சாமி."

திருச்சுழி. திருமேனிநாதர்.

"திருமேனியா அத்தை?"

தொண்ணூற்றேழு வயது அத்தை தலையைக் குனிந்துகொண்டார். கன்னமெல்லாம் சிவந்துபோனது. மாநிறத்தில் சிவப்புத் தெரியாது என்பார்கள், தெரிந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று. பொய்.

அத்தை சொன்னது, சொன்னபடி: "ரங்கூன்ல கம்பையில ஒங்க தாத்தா கடைக்கு எதுத்தாப்புல அவுக மாமா கடை. எனக்குப் பதினாலு. தாலி கட்டி மூணே மாசம், சப்பான்காரன் குண்டு போட ஆரம்பிச்சிட்டான். எல்லாரும் கெளம்பிட்டோம். ஒங்கப்பன் மூணு வயசுப் பய, நடக்க மாட்டான். அவுக தோள்ல உக்காந்துதான் வந்தான். மலை ஏறி எறங்கி, ஏறி எறங்கி. அப்புறம் காய்ச்ச வந்துருச்சு. எந்திரிக்க முடியல. ஒங்க தாத்தா ஒரு டப்பாவுல தண்ணி வச்சாரு. கீழ போயி ஆளு அனுப்புறோம்னாரு. ஆளு ஏது. தாலியை அரிசிக்குக் குடுத்தாச்சு. ஊருக்கு வந்ததும் ஒங்க தாத்தா சொல்லிட்டாரு, அங்கிட்டு கல்யாணம்னு ஒண்ணு நடக்கவே இல்லைன்னு. எனக்கு வேற எடம் பாக்கணும்ல."

"நீங்க ஏன் கட்டிக்கிரல?"

"கட்டுன புருசன் இருக்கும்போது இன்னொருத்தன் எதுக்கு? செத்ததை நான் பாக்கலையே."

அத்தை நெற்றிப் பொட்டு. கல்யாணம் ஆகாதவர் என்பதால் வைக்கிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

எங்கள் அப்பா அந்தத் தோளில் வந்திருக்கிறார். அந்த ஆள் சுமக்காவிட்டால் அப்பா இல்லை, நான் இல்லை, உமா இல்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

முகம் கழுவியதும் வந்த நினைப்பு, வெட்கம் இல்லாமல் எழுதுகிறேன்: இது எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. போனை வைத்துப் பதிவு செய்தவளுக்கு வராதது, தைலம் தேய்த்தவளுக்கு வந்தது. இத்தனை புத்தகம் படித்தவளுக்கு ஒரு 'அவுக' புரியவில்லை. புருஷனை "டேய் கார்த்தி" என்று கூப்பிடுகிறவளுக்கு எப்படிப் புரியும்?

திங்கட்கிழமைக்குள் நான் சொல்லாவிட்டால் அவள் புத்தகம் தப்போடு வரும். சொன்னால் அந்தப் புத்தகம் இன்னும் பெரிய புத்தகம் ஆகும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்தக் கதை என்னுடையது. நானே போடலாம். நாற்பது பக்கம் போதும். டெல்லி வேண்டாம், சிவகாசியில் அச்சடித்துக்கொள்ளலாம்.

இவரிடம் சொன்னேன். "ஒரு போனு போட்டுச் சொல்லிற வேண்டியதுதான?" என்றார். இவருக்கு எல்லாம் ஒரு போன்தான்.

உ.விடமிருந்து மூன்று மிஸ்டு கால். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மிக்ஸி வந்துவிட்டது. சத்தம் முன்னைவிட மோசம்.

பள்ளியிலிருந்து வந்ததும் சார்ட் பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். திருமேனியின் முகம். ஐந்தாறு மூக்கு போட்டுப் பார்த்தேன். ஒன்று அப்பா மாதிரி, ஒன்று பழைய சினிமாக்காரர் மாதிரி, ஒன்று ஆயிஷா டீச்சரின் அண்ணன் மாதிரி. கிழித்துப் போட்டுவிட்டு அத்தையிடம் போனேன்.

"அவுக பாக்க எப்பிடி இருப்பாக அத்தை?"

"நிமிந்து பாத்தாத்தான தெரியும்."

"மூணு மாசம் ஒரு தடவை கூடவா பாக்கல?"

"வெக்கம்த்தா. பகல்ல பக்கத்துல வர மாட்டாக, ராத்திரி வெளக்கு இருக்காது. பெறகு பாத்துக்கிருவோம்னு இருந்தேன்." பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டே: "வழியில அவுக முன்னால, நான் பின்னால. குதிங்காலைப் பாத்துக்கிட்டே நடந்தேன். அது தெரியும் எனக்கு."

பெறகு பாத்துக்கிருவோம்.

எழுந்து வந்து நின்றேன். அத்தைக்காகப் பத்து நிமிஷம் வருத்தப்பட்டேன். பதினோராவது நிமிஷம் உமாவின் பக்கம் கண்ணுக்குள் வந்தது. முகம் இல்லாத முகம். வெள்ளை.

அவள் போட்டதுதான் சரி.

கீழே எழுதினது தப்பு, நாற்பது பேர் தப்பு, காரணம் தப்பு, ஆனால் படம் சரி. ஒன்றுமே தெரியாமல் சரியாகப் போட்டிருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு நான் மூக்கு போட்டுக்கொண்டு இருக்கிறேன். மூன்று கால் குதிரைக்காரி. அவளுக்குத் தப்பு கூட நல்ல தப்பாக வருகிறது. சாமிக்கே கண் இல்லை.

கோபத்தில் அம்மியில் தேங்காய் அரைத்தேன், மிக்ஸி இருந்தும்.

அப்புறம் உட்கார்ந்து ஒரு குதிங்கால் போட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலை முழுக்கக் கால்தான். பந்தல்குடியிலிருந்து சின்னம்மா போன் செய்தார், "என்னத்தா செய்ற?" என்று. கால் போட்டுக்கொண்டு இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? சமையல் என்றேன்.

தோளில் ஒரு பிள்ளையைச் சுமந்து நடக்கிறவன் குதிகால் எப்படி இருக்கும்? இவரை அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். "கோட்டி பிடிச்சிருச்சா?" என்றார். ஆனால் நடந்தார். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து அழுந்துகிறது. குதிங்காலுக்கு மேல் நரம்பு புடைக்கிறது. அதைப் போட்டேன்.

மத்தியானம் ஒரு தப்பு செய்தேன், அல்லது நல்லது செய்தேன், தெரியவில்லை. உமா புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று அத்தை கேட்டார். அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கீழே இருக்கிற வரியையும் சொன்னேன்.

அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார், யாரும் பிடிக்காமல்.

"மறந்துட்டேன்னா போட்டிருக்கா?"

"ஆமா அத்தை."

"எத்தனை வருசமா ஒரு பேரை வாய்க்குள்ளயே வச்சுக் காப்பாத்துறேன். தூக்கத்துல ஒளறிறக் கூடாதேன்னு வாயைப் பொத்திக்கிட்டுப் படுத்திருக்கேன். நான் மறந்தேனா? நானா?" அத்தை இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "ஊரு உலகமெல்லாம் படிக்கும்கிறா. படிக்கிறவன் என்ன நெனப்பான்? கட்டுனவன் பேரை மறந்த சிறுக்கின்னு நெனப்பான்."

"அவளுக்குத் தெரியாதுல்ல அத்தை."

"ஒனக்குத் தெரியும்ல? சொல்லு அவகிட்ட."

"பேரைப் போடலாமா? எல்லாரும் பாப்பாக."

"நான் சொல்லக் கூடாது. நீங்க எழுதலாம்ல."

சரி என்றேன். சாயங்காலம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். செய்யவில்லை. என் பக்கம் இன்னும் முடியவில்லை. முடித்து, அதையும் சேர்த்து அனுப்பினால்? முகம் இல்லாத அவள் பக்கத்துக்கு எதிரே என் குதிங்கால். யாருடையது நன்றாக இருக்கிறது என்று டெல்லிக்காரர்கள் சொல்லட்டும். கீழே என் பேர். பென்சிலை மறுபடி சீவி வைத்தேன், பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிரப்பியாகிவிட்டது. காற்று இல்லை, புழுக்கம்.

பக்கம் முடிந்தது. ஆறு கட்டம். முதல் நாலிலும் இரண்டு குதிங்கால், முன்னால் போகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் வெடிப்பு கூடுகிறது, சேறு ஏறுகிறது. பின்னால் வருகிறவள் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். ஐந்தாவதில் குதிங்கால் தரையில் கிடக்கிறது, விரல் மேலே பார்த்து. ஆறாவதில் பாதை மட்டும். ஒரு எழுத்து இல்லை. நான் போட்டதிலேயே இதுதான். எனக்குத் தெரியும். உமாவால் இதைப் போட முடியாது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது, அவ்வளவு சந்தோஷம்.

அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

வாங்கி மடியில் வைத்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனார். மூன்றாவதில் நின்றார். அங்கேயே நின்றார். முந்தானையை எடுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"உமா போட்டதா?"

"நான் அத்தை. நான் போட்டேன். கலா."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. பதினாலு வயசுப் பெண்ணின் பார்வை. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான், இந்த வாரம் முழுக்கக் கண்ணாடியில் பார்த்தது.

"நீ எங்கிட்டுடீ அவுகளைப் பாத்த?"

பாக்கலை அத்தை, சும்மா நெனச்சுப் போட்டேன் என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. தாளை நாலாக மடித்தார். மடிக்காதீங்க என்று கத்திவிட்டேன். மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"புத்தகத்துக்கு வேணும் அத்தை."

"பேரை எழுதிக்கிருங்க. காலு என்னோடது."

மத்தியானம் வரை மூன்று தடவை கேட்டேன். கெஞ்சினேன். அத்தை தூங்கும்போது எடுத்து ஒரு போட்டோவாவது பிடித்துக்கொள்ளலாம் என்று கட்டில் பக்கம் போனேன். கண்ணைத் திறந்துகொண்டேதான் படுத்திருக்கிறார்.

நாலு மணிக்கு உமாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவுக என்றால் யார், பேர் என்ன, ஏன் சொல்லவில்லை, அப்பாவைச் சுமந்தது யார். நிமிர்ந்து பார்க்காததையும் சொன்னேன், கடைசியில். அவள் அந்தப் பக்கம் ஓவென்று அழுதாள். இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்றாள். நாற்பது பேரை எடுத்துவிட்டு ஒரே ஆள், அதே மரம், முகம் இல்லாமல். கீழே அந்தப் பேர் மட்டும். சொல்லும்போதே கண்ணுக்குத் தெரிந்தது, எவ்வளவு நன்றாக வரும் என்று. பாவி.

"ஒனக்கு நன்றின்னு போடுறேன்க்கா."

கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், கார்த்திக்கும் அவர்கள் வீட்டுப் பூனைக்கும் நடுவில். சரி என்றேன்.

பிறகு கேட்டாள்: "நீ ஏதாச்சும் வரைஞ்சு பாத்தியாக்கா? இருந்தா அனுப்பு."

அத்தை கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். கை தலையணை மேல்.

இல்லை என்றேன்.